லாஸ் ஏஞ்சலிஸ் காற்றும் அரசின் ஆய்வுக்கூடமும்

1943ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மையப்பகுதியைப் பழுப்பு நிறப் புகைமூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது, தொண்டை கமறியது, மூன்று தெரு தள்ளி இருந்த கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதால் ஜப்பான் நச்சுவாயுவை ஏவிவிட்டதோ என்றுகூடச் சிலர் அஞ்சினார்கள். சந்தேகம் அலிசோ தெருவில் இருந்த ஓர் ஆலைமீது விழுந்தது. செயற்கை ரப்பருக்குத் தேவையான பியூட்டாடையீன் அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. எதிர்ப்பு வலுக்கவே ஆலையைத் தற்காலிகமாக மூடினார்கள். புகைமூட்டம் குறையவில்லை. 1947இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் காற்று மாசைக் கட்டுப்படுத்துவதற்கென்றே ஓர் அமைப்பு உருவானது; அமெரிக்காவில் அந்த வகையில் அதுதான் முதல். நிலக்கரிப் புகையால் அவதிப்பட்ட பழைய தொழில்நகரங்களின் அனுபவம்தான் அன்று கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்த அமைப்பு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து வெளியேறிய கந்தக டை ஆக்சைடை முதலில் குறைத்தது. வீட்டுக் கொல்லையில் குப்பை எரிக்கும் அடுப்புகளுக்கு 1957இல் தடை வந்தது. இவை எல்லாம் செய்ய வேண்டிய காரியங்கள்தாம். ஆனாலும் கண் எரிச்சல் தீரவில்லை.

காற்று மாசைப் பற்றிப் பேசும்போது சட்டம், அபராதம், மாற்று எரிபொருள் ஆகியவற்றையே நாம் முன்வைக்கிறோம். கலிபோர்னியாவின் எண்பது ஆண்டு அனுபவத்தை ஊன்றிப் படித்தால் இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்கும் ஒன்று தெரியவருகிறது. விதி போடும் அரசுக்குச் சொந்தமாக அறிவியல் இருக்க வேண்டும். தானே அளக்கும் கருவிகள், தானே சோதிக்கும் கூடம், தொழில்துறையின் நிபுணர் ஒரு கணக்கைக் காட்டினால் தலையாட்டாமல் அதைச் சரிபார்க்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். இவை இருந்த இடங்களில் கலிபோர்னியா முன்னேறியது. இவை போதாமல் போன இடங்களில் சறுக்கியது. அந்த மாநிலத்தின் செல்வமும் அரசியலும் இதற்குத் துணை நின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் செல்வம் மட்டும் போதும் என்றால் 1943க்கும் 1960க்கும் இடையில், உலகின் வளமான நகரங்களில் ஒன்றான லாஸ் ஏஞ்சலிஸ் அவ்வளவு காலம் மூச்சுத் திணறியிருக்க வேண்டியதில்லை.

புதிரை அவிழ்த்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்த வேதியியலாளர். பசடேனாவில் உள்ள கால்டெக் நிறுவனத்தில் அன்னாசிப்பழத்தின் வாசனைக்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழத்திலிருந்து எழும் ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கிப் பிரித்தறியும் கருவி அவரிடம் இருந்தது. அதே கருவியில் பசடேனாவின் காற்றை இழுத்தபோது ஆல்டிஹைடுகளும் கரிம அமிலங்களும் கொண்ட பழுப்புத் திரவம் சேர்ந்தது. எந்தப் புகைக்குழாயிலிருந்தும் நேரடியாக இப்படியொரு கலவை வருவதில்லை. பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சூரிய ஒளியில் வைத்தால் காற்றுக்குள்ளேயே இவை உருவாகின்றன, கூடவே ஓசோனும் பிறக்கிறது என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். புகைமூட்ட நாட்களில் பயிர் இலைகளில் தோன்றிய அதே சேதத்தைச் செயற்கையாக உண்டாக்கிக் காட்டினார். வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டில் எத்தனை நிமிடத்தில் வெடிப்பு விழுகிறது என்பதையே ஓசோனுக்கு ஓர் அளவாகவும் பயன்படுத்தினார்.

அந்த வேதியியலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்; பின்னால் வரும் சண்டைகள் எல்லாம் இதில்தான் வேர்விட்டிருக்கின்றன. நைட்ரஜன் டை ஆக்சைடின்மேல் வெயில் பட்டால் அதிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு கழன்றுவிடும். காற்றில் உள்ள ஆக்சிஜன் மூலக்கூறோடு அது சேர்ந்தால் ஓசோன். மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனை உடனே தின்று மறுபடி நைட்ரஜன் டை ஆக்சைடாகிவிடும். இந்தச் சுழற்சி மட்டும் இருந்தால் ஓசோன் பெருகாது. எரியாத பெட்ரோல் ஆவியில் உள்ள ஹைட்ரோகார்பன்கள் இடையில் நுழைவதுதான் வினை. அவை சிதையும்போது உண்டாகும் துடிப்பான துணுக்குகள் ஓசோனைச் செலவழிக்காமலே நைட்ரிக் ஆக்சைடை டை ஆக்சைடாக்கிவிடுகின்றன. தின்பதற்கு ஆள் குறைய, ஓசோன் சேர்ந்துகொண்டே போகிறது. இதற்கு லாஸ் ஏஞ்சலிஸைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். குளிர்ந்த பசிபிக் நீர் அடிக்காற்றைக் குளிர்விக்க, மேலிருந்து இறங்கும் வெப்பக் காற்று அதன்மேல் மூடியாக உட்கார்ந்துவிடும். கோடை முழுக்க வெயில். நடுவில் லட்சக்கணக்கான கார்கள். கண் எரிச்சலின் முதன்மையான ஊற்று ஒவ்வொரு குடும்பத்தின் வாசலிலும் நின்றுகொண்டிருந்தது.

எண்ணெய் நிறுவனங்களின் சங்கம் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துத் தனியே ஆய்வு நடத்தியது. அந்த ஆய்வாளர்கள் ஹாகன்-ஸ்மிட்டின் முடிவை ஏற்கவில்லை. கார் நிறுவனங்களோ, புகை வெளியில் வந்ததும் காற்றில் கலைந்துவிடும், மேலும் ஆராய வேண்டும் என்றன. இது வெறும் கருத்து மோதலாக நின்றிருந்தால் பணம் அதிகம் உள்ள தரப்பு ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்திருக்கும். கவுண்டியின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு ஹாகன்-ஸ்மிட்டைத் தன் பணிக்கே அமர்த்தி ஆராய்ச்சியைத் தொடரவைத்தது. பிற குழுக்கள் செய்த சோதனைகளும் பின்னர் அவர் சொன்னதையே உறுதிப்படுத்தின. 1959இல் மாநிலச் சட்டமன்றம், மக்களின் உடல்நலத்தை அடிப்படையாக வைத்துக் காற்றின் தர அளவுகளை வகுக்கும்படி பொதுச் சுகாதாரத் துறைக்கு உத்தரவிட்டது. எந்த ஆலையிலிருந்து எவ்வளவு புகை போகலாம் என்று கேட்பதற்கு முன்னால், மனிதர் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு இருந்தால் தாங்கும் என்று கேட்டார்கள். இந்த வரிசைமுறை மிக முக்கியம் என்று நினைக்கிறேன். முதல் கேள்வியிலிருந்து தொடங்கினால் இன்று கையில் உள்ள தொழில்நுட்பம் எதுவோ அதுவே எல்லையாகிவிடும். இரண்டாவதிலிருந்து தொடங்கினால், கையில் இல்லாத தொழில்நுட்பத்தைத் தேடச் சொல்லும் உரிமை அரசுக்குக் கிடைக்கிறது.

அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு 1960களில் நல்ல உதாரணம் கிடைத்தது. மாசைக் குறைக்கும் கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்க 1960இல் மோட்டார் வாகன மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உருவானது. குறைந்தது இரண்டு கருவிகள் தேறிவிட்டால், ஓராண்டுக்குப் பின் கலிபோர்னியாவில் விற்கும் புதிய கார்களில் அத்தகைய கருவி இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். கார் நிறுவனங்கள் 1967ஆம் ஆண்டு மாடலுக்கு முன்னால் முடியவே முடியாது என்று சாதித்தன. 1964இல் வாரியம், கார் நிறுவனங்களோடு தொடர்பில்லாத தயாரிப்பாளர்கள் கொண்டுவந்த நான்கு கருவிகளுக்குச் சான்று வழங்கியது. அடுத்தவர் கருவியைக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டிய நிலை வந்ததும், 1966 மாடலிலேயே தங்கள் சொந்த ஏற்பாட்டைப் பொருத்திவிடுவதாக அதே நிறுவனங்கள் அறிவித்தன. புகைக்குழாயில் வெளிவரும் ஹைட்ரோகார்பன்களுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் அமெரிக்காவின் முதல் வரம்புகள் அந்த ஆண்டு கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தன. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் வளர்ச்சியைக் கூட்டுச் சேர்ந்து தாமதப்படுத்தினார்கள் என்று 1969இல் அமெரிக்க நீதித் துறை கார் நிறுவனங்கள்மீது வழக்கே தொடுத்தது. உடன்பாட்டில் அது முடிந்தது. தொழில்நுட்பம் தானாகவே வளர்ந்திருக்கும், அரசு இடையில் புகுந்திருக்க வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள் இந்தச் சில ஆண்டுகளின் நிகழ்வுகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். கருவி இருந்தது. அதைப் பொருத்தும் அவசரம்தான் யாருக்கும் இல்லை.

1967இல் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் கலிபோர்னியா காற்று வள வாரியம் பிறந்தது. அதன் முதல் தலைவர் ஹாகன்-ஸ்மிட். குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவர் இந்த வாரியத்துக்குக் கையெழுத்திட்டார் என்பதை இன்றைய அமெரிக்க அரசியலைப் பார்க்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் வாகன மாசு விதிகளை மத்திய அரசின் கையில் கொடுத்தபோது, கலிபோர்னியாவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு தந்தது. மத்திய அரசிடம் அனுமதி பெற்றுத் தனக்கென இன்னும் கடுமையான விதிகளை அது வகுத்துக்கொள்ளலாம். 1977இல் செய்த திருத்தத்தின்படி மற்ற மாநிலங்கள் கலிபோர்னியாவின் விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு டசனுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இந்த வழியைப் பின்பற்றின.

1970இல் வந்த மத்திய தூய காற்றுச் சட்டம், புதிய கார்களின் மாசைச் சுமார் 90 சதவீதம் குறைக்கக் கெடு வைத்தது. 1975 மாடல்களில் வினையூக்கி மாற்றி வந்தது. பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகங்களின் மேற்பரப்பில் எரியாத ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் எரிந்து தீர்ந்துவிடும். பெட்ரோலில் ஈயம் இருந்தால் அந்த மேற்பரப்பு பாழாகிவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் உடன் வந்தாக வேண்டியிருந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஒரு நஞ்சு, வேறொரு மாசுக்காகப் போட்ட விதியின் வழியாகவும் வெளியேறியது. ஆக்சிஜன் உணர்கருவியோடு இணைந்து நைட்ரஜன் ஆக்சைடையும் சேர்த்துக் குறைக்கும் மும்முனை வினையூக்கியை வோல்வோ நிறுவனம் 1977 மாடலில் கலிபோர்னியாவில்தான் முதலில் விற்றது. பொதுவான மாசுகளைப் பொறுத்தவரை இன்றைய புதிய கார் 1970ஆம் ஆண்டுக் காரைவிடச் சுமார் 99 சதவீதம் சுத்தமானது.

இதனால் மனித உடலுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கடைசிச் சோதனை. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1990களிலிருந்து பள்ளிக் குழந்தைகளின் நுரையீரல் திறனை ஆண்டுக்கணக்கில் அளந்துவந்தார்கள். காற்று வள வாரியமும் இந்த ஆய்வுக்கு நிதி தந்தது. லாங் பீச், ரிவர்சைடு, மீரா லோமா, சான் டிமாஸ், அப்லாண்டு ஆகிய ஐந்து ஊர்களில், வெவ்வேறு காலங்களில் வளர்ந்த மூன்று குழுக் குழந்தைகள், மொத்தம் 2,120 பேரின் அளவீடுகளை ஒப்பிட்ட கட்டுரை 2015இல் வெளிவந்தது. 15 வயதில் நுரையீரல் திறன் மருத்துவ அளவில் குறைந்திருந்தவர்கள் முதல் குழுவில் 7.9 சதவீதம், அடுத்ததில் 6.3, கடைசியில் 3.6. நைட்ரஜன் டை ஆக்சைடும் நுண்துகளும் குறையக் குறைய நுரையீரல் வளர்ச்சி கூடியது. வளரும் பருவத்தில் இழந்த நுரையீரல் திறன் பெரும்பாலும் பிறகு திரும்பக் கிடைப்பதில்லை என்பதால், இந்த மூன்று எண்கள் அந்தக் குழந்தைகளின் முதுமை வரைக்கும் பேசும். இவற்றுக்குப் பக்கத்தில் வைக்க எந்தப் பொருளாதாரக் கணக்கும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் பொருளாதாரக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. விதிகள் தொழிலை விரட்டிவிடும் என்ற பொத்தாம்பொதுவான வாதம் கலிபோர்னியாவில் நிற்கவில்லை. 1970இல் சுமார் 2 கோடியாக இருந்த மக்கள்தொகை இன்று 4 கோடியை நெருங்குகிறது, பொருளாதாரம் அதைவிட வேகமாக வளர்ந்தது, மாசு குறைந்தது. வலுவான வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. மொத்த லாபம் ஊருக்கு, செலவு யாருக்கு? லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2008 முதல் பழைய லாரிகளை வெளியேற்றியபோது டீசல் புகை கணிசமாகக் குறைந்தது. ஆனால் அங்கே கன்டெய்னர் இழுத்த ஓட்டுநர்களில் பலர் சொந்த லாரி வைத்துப் பிழைத்த புலம்பெயர்ந்தவர்கள். புதிய லாரிக்கான குத்தகைக் கடன் அவர்கள் தலையில் விழுந்தது. இதற்குத் தீர்வு பழைய லாரியை ஓடவிடுவது அல்ல. துறைமுகத்தின் பக்கத்தில் வசித்து அதே புகையைச் சுவாசித்தவர்களும் ஏழைகளே. சரக்கை அனுப்பி லாபம் பார்க்கும் பெரிய நிறுவனங்களிடம் செலவை வாங்கியிருக்க வேண்டும். விதி எழுதியவர்கள் புகையை அளந்த கவனத்தோடு செலவு போய்ச் சேரும் இடத்தை அளக்கவில்லை என்பது என் மதிப்பீடு.

அரசின் அறிவியலும் தவறும் என்ற மறுப்பு இதைவிடக் கூர்மையானது. அது உண்மைதான். காற்றைச் சுத்தமாக்குவதற்காகப் பெட்ரோலில் எம்டிபிஇ என்ற சேர்மத்தைக் கலந்தார்கள். நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்த அது தண்ணீரில் எளிதில் கரைந்து வெகுதூரம் பரவியது. 1996இல் சாண்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகளில் பலவற்றை மூட வேண்டியதாயிற்று. 1999இல் ஆளுநர் கிரே டேவிஸ் அதைப் படிப்படியாக நிறுத்த உத்தரவிட்டார். காற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மண்ணையும் நீரையும் பார்க்கத் தவறினார்கள். ஆனால் கிணற்றில் எம்டிபிஇ இருப்பதைக் கண்டுபிடித்ததும் அரசு அமைப்புகளின் குடிநீர்ச் சோதனைகள்தாம். குறைந்த அளவீடு பெரிய தவறைச் செய்தது, கூடுதல் அளவீடு அதைத் திருத்தியது. இதிலிருந்து அரசுக்கு அறிவியல் வேண்டாம் என்ற முடிவுக்கு எப்படி வர முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

1990களில் வந்த இன்னொரு சர்ச்சை, சொந்த ஆய்வாளர்கள் இல்லாத அரசு எவ்வளவு எளிதாகக் குழம்பிப்போகும் என்பதைக் காட்டுகிறது. வார இறுதியில் சாலைகளில் டீசல் லாரிகள் குறைவு, ஆகவே நைட்ரஜன் ஆக்சைடும் குறைவு. ஆனால் லாஸ் ஏஞ்சலிஸில் ஓசோன் அளவு வார நாட்களைவிட ஞாயிற்றுக்கிழமைகளில் கூடியது. பார்த்தீர்களா, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தால் ஓசோன் ஏறுகிறது, ஆகவே லாரி விதிகளைத் தளர்த்துங்கள் என்று சில தொழில் தரப்பினர் வாதிட்டார்கள். அளவீடு உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவுதான் அரைகுறை. ஓசோனைத் தின்னும் நைட்ரிக் ஆக்சைடு மிதமிஞ்சிக் கிடக்கும் காற்றில் கொஞ்சம் குறைத்தால், தின்ன ஆளில்லாமல் ஓசோன் கூடத்தான் செய்யும். தொடர்ந்து வெகுவாகக் குறைத்தால் ஓசோன் பிறப்பதற்கான மூலப்பொருளே இல்லாமல் போய் அது இறங்கும். தவிர, நைட்ரஜன் ஆக்சைடு நைட்ரேட் துகளாகவும் மாறி நுரையீரலுக்குள் இறங்குகிறது என்பதை அந்த வாதம் கணக்கில் எடுக்கவே இல்லை. வாரியத்தின் ஆய்வாளர்கள் இதைத் தனியாக ஆராய்ந்து அறிக்கை தந்தார்கள், விதிகள் தளரவில்லை. 1998இல் டீசல் துகளை நச்சுக் காற்றுமாசு என்று வாரியம் அறிவித்திருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, சான் டியேகோவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் பணியாற்றிய வீரபத்ரன் ராமநாதன் தலைமையில் வாரியத்துக்காக நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. டீசல் பயன்பாடு கூடிவந்த காலத்திலும், இருபது ஆண்டுகளில் கலிபோர்னியக் காற்றில் கரித்துகள் சுமார் பாதியாகக் குறைந்ததை அது காட்டியது.

சொந்த ஆய்வுக்கூடம் எதற்கு என்பதை உலகம் முழுவதும் பார்த்த ஆண்டு 2015. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அரவிந்த் திருவேங்கடம் உள்ளிட்ட சிறு குழு, எடுத்துச்செல்லக்கூடிய அளவீட்டுக் கருவிகளைக் காரின் பின்னால் ஏற்றிச் சாலையில் ஓட்டி அளந்தது. ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் ஆய்வுக்கூடத்தில் விதிக்குள் நின்றன. சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு பல மடங்கு எகிறியது. ஆய்வுக்கூடச் சோதனை நடந்தது எல் மாண்டேயில் இருந்த காற்று வள வாரியத்தின் கூடத்தில்தான். முடிவு வெளியானதும் வாரியப் பொறியாளர்கள் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டார்கள். மென்பொருளைச் சரிசெய்துவிட்டதாக நிறுவனம் சொன்னது. அதை நம்பிக் கோப்பை மூடாமல் அவர்கள் மறுபடி சோதித்தார்கள், மாசு குறையவில்லை. சோதனை நடக்கிறது என்பதை மோப்பம் பிடித்து அப்போது மட்டும் மாசைக் குறைக்கும் மென்பொருள் இருப்பதை 2015 செப்டம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில் அது இருந்தது. ஐரோப்பாவில்தான் அவற்றில் பெரும்பகுதி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கண்டத்திலும் கடுமையான விதிகள் இருந்தன. நிறுவனம் தந்த பதிலைத் தானே சோதித்துப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கேட்ட ஓர் அலுவலகம் கலிபோர்னியாவில் இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரக் காற்று சுத்தமாகிவிடவில்லை. 1950களில் பத்து லட்சத்தில் அரைப் பங்கைத் தாண்டிய உச்ச ஓசோன் அளவு இப்போது வெகுவாக இறங்கியிருக்கிறது. ஆனால் 8 மணி நேரச் சராசரி 0.07 பங்கைத் தாண்டக் கூடாது என்னும் இன்றைய மத்தியத் தரத்தை அந்த வட்டாரம் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு நூறு நாட்களுக்கு மேல் மீறிவருகிறது. வெற்றி பெற்றுவிட்டதாகச் சொல்லும் கதையிலும், எல்லாம் வீண் என்று சொல்லும் கதையிலும் எனக்கு நம்பிக்கையில்லை. கார்கள் சுத்தமான பிறகு மிச்சமிருப்பது எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது எதிர்பாராத விடை கிடைத்தது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, பெயின்ட், ஒட்டும் பசை, அச்சு மை, சுத்தம் செய்யும் திரவங்கள், வாசனைத் திரவியங்கள் ஆகியவற்றின் ஆவி, தொழில்வளம் மிக்க நகரங்களில் எரிபொருள்வழி ஹைட்ரோகார்பன்களுக்கு இணையாக எழுகிறது.

2035க்குள் புதிய கார்கள் அனைத்தும் புகையற்றவையாக வேண்டும் என்று வாரியம் 2022இல் விதி வகுத்தது. 2024 டிசம்பரில் அதற்கு மத்திய அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத் தீர்மானத்தில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட, அந்த அனுமதி ரத்தானது. கலிபோர்னியா நீதிமன்றம் சென்றது. ஒரு மாநிலத்தின் விதி நாட்டின் கார்ச் சந்தையையே வளைக்கலாமா என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பிற மாநிலங்கள் அந்த விதியைத் தாங்களாகவே தேர்ந்தெடுத்தன. மூச்சுவிடும் காற்றோ அந்த மலைகளுக்கு நடுவில்தான் தேங்குகிறது. வாகன விதிகளின் தலைவிதி வழக்குகளில் எப்படி முடிந்தாலும், கடைத்தட்டில் உள்ள பொருள்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநிலத்திடமே இருக்கிறது. வியர்வை நாற்றத்தைத் தடுக்கும் பூச்சுகளில் எவ்வளவு ஆவியாகும் பொருள் இருக்கலாம் என்று 1989இலேயே வாரியம் வரம்பு வகுத்தது. அடுத்த சர்ச்சைகளில் கணிசமானவை இந்தப் பக்கம்தான் எழும்: எந்த வாசனைப் பொருள் எவ்வளவு ஓசோனை உண்டாக்குகிறது என்று தயாரிப்பாளர் ஒரு கணக்கைத் தருவார், வாரியத்தின் வேதியியலாளர் அந்தப் புட்டியைக் கடையில் வாங்கிவந்து தானே அளந்து பார்ப்பார்.